கணக்கு அவருடையது, ரகசியமும் அவருடையதே

பார்வைத்திறன் குறைந்த வாடிக்கையாளர்களின் வங்கி உரிமைகளும், அவர்களுக்குத் துணைநிற்கும் தொழில்நுட்பங்களும்

"உங்கள் ரகசிய எண்ணை யாரிடமும் கூறாதீர்கள்" என்பது வங்கிகள் தம் வாடிக்கையாளர்களுக்கு மிக அதிகமாகக் கூறும் அறிவுரை. கிளையின் சுவரிலும், ஏடிஎம் திரையிலும், கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியிலும் இதையே வெவ்வேறு சொற்களில் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறோம். ஆயினும், நம் வாடிக்கையாளர்களுள் ஒரு பிரிவினருக்கு இந்த அறிவுரையைப் பின்பற்ற நெடுங்காலம் வழியே இல்லாதிருந்தது. திரையைக் காண இயலாத ஒருவர் ஏடிஎம்மில் பணம் எடுக்க வேண்டுமானால், அட்டையையும் ரகசிய எண்ணையும் இன்னொருவரிடம் ஒப்படைத்தாக வேண்டும். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அறியப் பாஸ்புக்கை இன்னொருவர் படித்துக் காட்ட வேண்டும். அவ்வாறு உதவுபவர் மகனாக இருக்கலாம். அண்டை வீட்டாராக இருக்கலாம். வரிசையில் பின்னால் நிற்கும் அறிமுகமற்ற ஒருவராகவும் இருக்கலாம். அவர் எவ்வளவு நல்லவராயினும், கணக்கு வைத்திருப்பவரின் ரகசியம் அந்தக் கணமே ரகசியமாக இல்லாமற் போகிறது.

எனவேதான், பார்வைத்திறன் குறைந்தோருக்கான வங்கிச் சேவையை இரக்கத்தின் கணக்கில் எழுதாமல் பாதுகாப்பின் கணக்கில் எழுத வேண்டும் என்று வங்கியாளர்களாகிய நாங்கள் கருதுகிறோம். தம் பணத்தைத் தாமே எண்ணி, தம் ரகசிய எண்ணைத் தாமே அழுத்தி, தம் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்ள அவர்களுக்கு இன்று எந்த அளவுக்கு இயலும், எங்கே இன்னும் தடை இருக்கிறது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

பார்வைத்திறன் குறைபாடு: சட்டத்தின் வரையறை

பார்வைக் குறைபாடு என்றதும் முழு இருளையே பலரும் எண்ணுகின்றனர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அதை இரு நிலைகளாகப் பிரிக்கிறது. தகுந்த கண்ணாடி அணிந்த பின்னரும், இரு கண்களுள் சிறந்த கண்ணின் பார்வைக் கூர்மை 3/60-க்கும் குறைவாக இருந்தாலோ, பார்வைப் புலம் 10 பாகைக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தாலோ அது பார்வையின்மை. 3/60 என்பதன் பொருள், இயல்பான கண் 60 மீட்டர் தொலைவிலிருந்து காண்பதை இவர் 3 மீட்டர் தொலைவுக்கு வந்தால்தான் காண முடியும் என்பதாகும். அதைவிடச் சற்று மேலான நிலையில், 6/18 வரையுள்ள கூர்மையோ 40 பாகைக்குக் குறைவான பார்வைப் புலமோ உடையவர்கள் குறைபார்வை உடையோர் என்னும் பிரிவில் வருகின்றனர்.

இந்த இரண்டாம் பிரிவை வாசகர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். கண்ணீர் அழுத்த நோயாலும், நீரிழிவு விழித்திரையைத் தாக்குவதாலும், முதுமையில் விழித்திரையின் மையப்பகுதி சிதைவதாலும் பார்வை சிறிது சிறிதாகக் குறைபவர்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கின்றனர். அவர்கள் தம்மை மாற்றுத்திறனாளி என்று கருதிக்கொள்வதில்லை, சான்றிதழும் பெறுவதில்லை. ஒருநாள் ஏடிஎம் திரையின் எழுத்துகள் தெளிவாகத் தெரியவில்லை என்றதும், அட்டையைச் சத்தமின்றிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகின்றனர். முப்பது நாற்பது ஆண்டுகள் தம் வரவு செலவைத் தாமே நடத்தியவர்கள், அன்றிலிருந்து தம் பணத்தைப் பற்றிப் பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்பவர்களாக மாறிவிடுகின்றனர்.

ஐதராபாத்தில் ஓர் எடுத்துக்காட்டு

ஐதராபாத்தில் பணியாற்றும் எங்களுக்கு இப்பொருளைப் பற்றி எழுதத் தனிக் காரணமும் உண்டு. 1987-இல் தொடங்கப்பட்ட எல்.வி.பிரசாத் கண் மருத்துவ நிலையம் இந்நகரின் பஞ்சாரா ஹில்ஸ் பகுதியில் இருக்கிறது. 'மனோகரா', 'மிஸ்ஸியம்மா' ஆகிய படங்களை இயக்கியவராகத் தமிழர்கள் நன்கறிந்த எல்.வி.பிரசாத்தின் பெயரைத் தாங்கிய நிலையம் அது. சிகிச்சையால் மீட்க முடியாத பார்வையுடையோருக்கு மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கும் பிரிவும் அங்கே உண்டு. மருத்துவம் முடியும் இடத்தில் வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை என்பதை அத்தகைய பயிற்சி உணர்த்துகிறது: எஞ்சியுள்ள பார்வையை உருப்பெருக்கிகளைக் கொண்டு பயன்படுத்துவது, வெண்கோலுடன் நடப்பது, கணினியையும் கைபேசியையும் செவிவழி இயக்குவது ஆகியவை கற்றுக்கொள்ளத்தக்க திறன்களே.

பேகம்பேட்டையிலுள்ள தேவ்நார் பார்வையற்றோர் பள்ளியில் பயின்ற ஸ்ரீகாந்த் பொல்லாவின் வரலாற்றையும் இந்நகரத்தார் அறிவர். பத்தாம் வகுப்புக்குப் பின் அறிவியல் பிரிவில் சேர அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. நீதிமன்றத்தை நாடி அந்த உரிமையைப் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பி, 2012-இல் பொல்லான்ட் இண்டஸ்ட்ரீஸ் என்னும் நிறுவனத்தை ஐதராபாத்தில் தொடங்கினார். அவரது வாழ்க்கை 2024-இல் இந்தித் திரைப்படமாகவும் வெளிவந்தது. ஒரு தொழிலை நடத்துபவருக்குக் காசோலையும், கடனும், நடப்புக் கணக்கும் அன்றாடத் தேவைகள். பார்வையில்லாதவருக்குக் காசோலைப் புத்தகம் எதற்கு என்று ஒரு வங்கி கேட்குமானால், அது எத்தனை பேரின் உழைப்புக்கும் ஊதியத்துக்கும் குறுக்கே நிற்கும் என்பதை இந்த ஓர் எடுத்துக்காட்டே காட்டும்.

சட்டம் கூறுவது என்ன?

அத்தகைய கேள்வி முற்காலத்தில் பரவலாகவே கேட்கப்பட்டது. கண் தெரியாதவரை எவரேனும் ஏமாற்றிவிடுவர் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். ஆனால் சட்டம் அவ்வாறு கூறவில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 11-ஆம் பிரிவின்படி ஒப்பந்தம் செய்யும் தகுதிக்கு மூன்று நிபந்தனைகளே உண்டு: வயது வந்தவராக இருத்தல், தெளிந்த மனநிலை உடையவராக இருத்தல், வேறு சட்டத்தால் தகுதி நீக்கம் செய்யப்படாதவராக இருத்தல். பார்வை அந்தப் பட்டியலில் இல்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையரின் நீதிமன்றம் 2005 செப்டம்பர் 5 அன்று பிறப்பித்த ஆணை இதைத் தெளிவாக்கியது. காசோலை, பெட்டகம், ஏடிஎம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் ஆபத்து இருக்கக்கூடும் என்பதற்காக அவற்றை மறுக்கலாகாது. அத்தகைய ஆபத்து ஏனைய வாடிக்கையாளர்களுக்கும் உண்டு என்பது அந்த ஆணையின் சாரம். அதைத் தொடர்ந்து, 2008 ஜூன் 4 அன்று இந்திய ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. பார்வைத்திறன் குறைந்தோர் ஒப்பந்தம் செய்யும் தகுதி உடையவர்கள்; ஆகவே மூன்றாம் நபருக்கான காசோலை உள்ளிட்ட காசோலை வசதி, ஏடிஎம், இணையவழி வங்கிச் சேவை, பாதுகாப்புப் பெட்டகம், சில்லறைக் கடன், கடன் அட்டை ஆகிய அனைத்தும் அவர்களுக்குப் பாகுபாடின்றி வழங்கப்பட வேண்டும் என்பதே ரிசர்வ் வங்கியின் நிலைப்பாடு. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவும், மாற்றுத்திறனாளிகள் தம் நிதி விவகாரங்களைத் தாமே நிர்வகிக்கவும், பிறருக்கு நிகராக வங்கிக் கடன் பெறவும் உரிமை உடையவர்கள் என்கிறது.

நடைமுறையில் இதன் பொருள் எளியது. பார்வையில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கூட்டுக் கணக்கு தொடங்குமாறு ஒருவரை வற்புறுத்தலாகாது. விரும்பினால் அவர் கூட்டாளியைச் சேர்த்துக்கொள்ளலாம். அது அவருடைய முடிவு.

விரலால் அறியும் பணம்

உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. கையில் இருக்கும் நோட்டு எத்தனை ரூபாய் என்று தெரிய வேண்டும். நம் நோட்டுகளில் அதற்கான குறிகள் உண்டு. இன்று புழக்கத்திலுள்ள புதிய வரிசை நோட்டுகளில், 100 ரூபாய் நோட்டில் புடைப்பாக அச்சிட்ட முக்கோணமும், 200 ரூபாய் நோட்டில் ஆங்கில எச் எழுத்தின் வடிவும், 500 ரூபாய் நோட்டில் வட்டமும் இருக்கின்றன. அவற்றோடு நோட்டின் இடவல ஓரங்களில் புடைப்பான சாய்கோடுகளும் உண்டு: 100 ரூபாய்க்கு நான்கு, 200 ரூபாய்க்கு நான்கு கோடுகளும் இடையே இரு வட்டங்களும், 500 ரூபாய்க்கு ஐந்து. 10, 20, 50 ரூபாய் நோட்டுகளில் இத்தகைய புடைப்புக் குறி இல்லை. அவற்றை அளவைக் கொண்டே அறிய வேண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல் நேர்ந்தது. பழைய வரிசையில் 100 ரூபாய் நோட்டின் நீளம் 157 மி.மீ.; 500 ரூபாய் நோட்டின் நீளம் 167 மி.மீ. இடைவெளி 10 மி.மீ. ஆதலால் விரல் பழகியவர்கள் நொடியில் பிரித்தறிந்தனர். புதிய வரிசையில் 100 ரூபாய் நோட்டு 142 மி.மீ., 200 ரூபாய் 146 மி.மீ., 500 ரூபாய் 150 மி.மீ. அகலம் மூன்றுக்கும் ஒன்றே: 66 மி.மீ. அடுத்தடுத்த மதிப்புகளுக்கிடையே 4 மி.மீ. வேறுபாடே இருப்பதால், பல ஆண்டுகளாகப் பழகிய விரல்களும் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று. கைமாறி நைந்த நோட்டில் புடைப்பும் தேய்ந்துவிடுகிறது. எனவே பலர் ஒவ்வொரு மதிப்பையும் ஒவ்வொரு விதமாக மடித்தோ, பணப்பையின் தனித்தனி அறைகளிலோ வைத்துக்கொள்கின்றனர்.

இக்குறையைப் போக்க, 2020 ஜனவரி 1 அன்று ரிசர்வ் வங்கி 'மணி' என்னும் கைபேசிச் செயலியை வெளியிட்டது. இலவசமான இச்செயலியை ஒருமுறை பதிவிறக்கிக்கொண்டால், பின்னர் இணைய இணைப்பு தேவையில்லை. கேமராவின் முன் நோட்டைப் பிடித்தால் அதன் மதிப்பை ஒலியாகக் கூறும். செவித்திறனும் குறைந்தவர்களுக்கு அதிர்வின் மூலம் உணர்த்தும். பாதியாக மடித்த நோட்டையும் இனங்காணும். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளவேண்டும்: அது மதிப்பைக் கூறுமேயன்றி, நோட்டு நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று கூறாது.

நாணயங்களிலும் மாற்றம் வந்துள்ளது. 2019-இல் அறிமுகமான வரிசை, பார்வைத்திறன் குறைந்தோரைக் கருத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டது. அவ்வரிசையின் 20 ரூபாய் நாணயத்தை அதன் பன்னிரண்டு விளிம்புகளைத் தடவியே அறிந்துகொள்ளலாம்.

பேசும் ஏடிஎம்

நாட்டின் முதல் பேசும் ஏடிஎம்மை யூனியன் பாங்க் ஆஃப் இந்தியா 2012 ஜூன் மாதம் அகமதாபாத்தில் நிறுவியது. 2014 ஜூலை 1 முதல் புதிதாக நிறுவப்படும் எல்லா ஏடிஎம்களும் பிரெயில் விசைப்பலகையுடன் கூடிய பேசும் ஏடிஎம்களாக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது.

இதைப் பயன்படுத்தும் முறை கடினமன்று. இயந்திரத்தின் முகப்பிலுள்ள சிறு துளையில் காதொலிக் கருவியின் முனையைச் செருகினால், திரையில் தோன்றுவதை ஒரு குரல் படிப்படியாகக் கூறும். விசைப்பலகையின் நடுவிலுள்ள 5-ஆம் எண் விசையின் மேல் சிறு புள்ளி புடைத்திருக்கும். அதைக் கண்டுகொண்டால் ஏனைய எண்களின் இடம் தானே புலப்படும். ரகசிய எண்ணை அழுத்தும்போது குரல் அந்த எண்களைப் படிப்பதில்லை. விசை அழுந்தியதற்கான ஒலி மட்டுமே கேட்கும். வசதி இருக்கும் இயந்திரங்களில், பின்னால் நிற்பவர் பார்க்காதவாறு திரையை வெறுமையாக்கிக்கொள்ளவும் இயலும். பிரெயில் அறியாதவர்களும், குறிப்பாக நடுவயதுக்குப் பின் பார்வை இழந்தவர்களும், குரலின் துணையால் தாமே பணம் எடுக்க முடிகிறது.

ஆனால் ஒலித்துளை பழுதுபட்ட இயந்திரம், பார்வையற்றவருக்கு மூடிய இயந்திரத்துக்கு ஒப்பாகும். திரை ஒளிர்வதால் பிறர் கண்ணுக்கு அந்தப் பழுது தெரிவதில்லை. எனவே புகார் வருவதுமில்லை. அத்தகைய பழுதைக் கண்டறியும் வாடிக்கையாளர், இயந்திரத்தின் இடத்தைக் குறிப்பிட்டுக் கிளைக்குத் தெரிவித்தால் அது அவருக்கு மட்டுமன்றி, அவரைப் போன்ற பலருக்கும் உதவும்.

கைபேசி அளிக்கும் தனியுரிமை

எல்லாவற்றினும் பெரிய மாற்றத்தைக் கொணர்ந்தது கைபேசியே. ஆண்ட்ராய்டு கைபேசியில் 'டாக்பேக்', ஐபோனில் 'வாய்ஸ்ஓவர்' என்னும் திரைவாசிப்பான்கள் ஏற்கெனவே உள்ளன. தனியே விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. விரலைத் திரையில் நகர்த்தினால் அங்குள்ளதை அது படிக்கும். இருமுறை தட்டினால் அந்தப் பொத்தான் இயங்கும். கணினிக்கு 'என்விடிஏ' என்னும் இலவசத் திரைவாசிப்பான் கிடைக்கிறது. பணம் எடுத்த நொடியே வரும் குறுஞ்செய்தியைக் கைபேசி அவருக்கே படித்துக் காட்டுகிறது. மாதக் கணக்கறிக்கையை மின்னஞ்சலில் பெற்றால், பாஸ்புக்கைப் பிறரிடம் நீட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்த அறிக்கை எழுத்துவடிவில் இருக்க வேண்டும். காகிதத்தைப் படம் பிடித்து அனுப்பினால் திரைவாசிப்பானுக்கு அது வெறும் படமே.

தடைகளும் இங்கே உண்டு. பெயரிடப்படாத பொத்தானைத் திரைவாசிப்பான் 'பொத்தான்' என்று மட்டுமே படிக்கும். அது பணம் அனுப்புவதா, பக்கத்தை மூடுவதா என்று தெரியாது. படத்திலுள்ள எழுத்துகளைத் தட்டச்சு செய்யக் கோரும் சோதனைக்கு ஒலிவடிவ மாற்று இல்லையேல், அங்கேயே வழி அடைபடும்.

தொலைவிலிருந்தே கணக்கு தொடங்கும் கேஒய்சி நடைமுறையில் இத்தடை இன்னும் கூர்மையானது. கேமராவின் முன் கண்ணை இமைத்து, தாம் உயிருள்ள மனிதர் என்று மெய்ப்பிக்க வேண்டும் என்பது பல செயலிகளின் நிபந்தனையாக இருந்தது. அமில வீச்சுக்கு உள்ளானோரும், முற்றிலும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த இரு வழக்குகளில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு, மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் பகுதியே என்று கூறி, 20 வழிகாட்டுதல்களை வழங்கியது. இமைத்தலுக்கு மாற்றான முறைகளை ஏற்பதும், நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களை மனிதர் ஒருவர் மறுபரிசீலனை செய்ய வகை செய்வதும் அவற்றுள் அடங்கும்.

வசதியோடு எச்சரிக்கையும் வேண்டும். வங்கிச் செயலியைப் பயன்படுத்தும்போது காதொலிக் கருவியை அணிந்துகொள்ளுங்கள். ஐபோனில் 'திரைத் திரைச்சீலை' போன்ற வசதியால் காட்சியை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்கலாம். ஆண்ட்ராய்டிலும் இதற்கு ஈடான வசதி உண்டு. காணொளி அழைப்பின் வழியே தன்னார்வலர்கள் எழுத்தைப் படித்துக் காட்டும் செயலிகள் கடைக்கும் சமையலறைக்கும் ஏற்றவை. வங்கி அட்டை, ஓடிபி, ரகசிய எண் ஆகியவற்றை அவர்களிடம் காட்டலாகாது. வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி, உங்கள் திரையைப் பகிரச் சொல்லும் எவரையும் நம்பாதீர்கள்.

கிளையில் நீங்கள் எதிர்பார்க்கத்தக்கவை

பார்வைத்திறன் குறைந்த வாடிக்கையாளர் துணையுடன் வந்தாலும், ஊழியர் பேச வேண்டியது வாடிக்கையாளரிடமே. "இவர் கையெழுத்துப் போடுவாரா?" என்று துணைக்கு வந்தவரைக் கேட்பது முறையன்று. ஊழியர் தம் பெயரையும் பொறுப்பையும் முதலில் கூற வேண்டும். படிவத்தையும் நிபந்தனைகளையும் படித்துக்காட்ட வேண்டும். பணத்தை மதிப்பு வாரியாகப் பிரித்து, வாய்விட்டு எண்ணிக் கையில் கொடுக்க வேண்டும். வழிகாட்டும்போது கையைப் பிடித்து இழுக்காமல், தம் முழங்கையைப் பற்றிக்கொள்ளச் செய்து அரை அடி முன்னே நடப்பது நல்ல முறை. குறைபார்வை உடையோருக்கான உருப்பெருக்கிக் கண்ணாடி கிளைகளில் இருக்க வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலே. தயங்காமல் கேட்டுப் பெறுங்கள்.

கிளைக்கு வர இயலாதோருக்காக 2017 நவம்பர் 9 அன்று ரிசர்வ் வங்கி மற்றோர் அறிவுறுத்தலை வெளியிட்டது. 70 வயதைக் கடந்தோருக்கும், பார்வைத்திறன் குறைந்தோர் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகளுக்கும் பணம் பெறுதல், பணம் வழங்குதல், வரைவோலை அளித்தல், ஆயுள் சான்றிதழ் பெறுதல் ஆகிய சேவைகளை இல்லத்திலேயே வழங்க வங்கிகள் முயல வேண்டும் என்கிறது அது. உங்கள் கிளை இச்சேவையை எவ்வாறு வழங்குகிறது, கட்டணம் உண்டா என்பவற்றை முன்னரே கேட்டறிந்துகொள்ளுங்கள்.

சேவை மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவில் முறையிட்டு 30 நாள்களுக்குள் விடை வாராவிடினும், வந்த விடை நிறைவளிக்காவிடினும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். 14448 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் அதற்கான விளக்கம் கிடைக்கும்.

உறவினர்களுக்கு ஒரு சொல்

பார்வை குறைந்துவரும் பெற்றோரின் அட்டையைப் பிள்ளைகள் வாங்கி வைத்துக்கொள்வது பெரும்பாலும் அன்பினாலேயே. எனினும், அதற்கு முன் செய்யத்தக்கவை சில உண்டு. அவர்களின் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள்; திரைவாசிப்பானை இயக்கி, ஒரு வாரம் உடனிருந்து பழக்குங்கள். கணக்கில் நடப்பவை பற்றிய குறுஞ்செய்திகள் அவர்களின் எண்ணுக்கே செல்லட்டும். நீங்களே கணக்கை இயக்கும் தேவை உண்மையாகவே ஏற்படின், ரகசிய எண்ணை வாங்கிக்கொள்ளாமல், அவர்கள் விருப்பத்துடன் எழுத்துமூல அதிகாரக் கடிதத்தைக் கிளையில் அளித்து, முறைப்படி இயக்குங்கள். அதை எப்போது வேண்டுமாயினும் அவர்கள் திரும்பப் பெறலாம். ஒருமுறை வெளியே சொன்ன ரகசிய எண்ணையோ, மாற்றினாலன்றி மீட்க முடியாது.

அண்மையில் உள்ள ஏடிஎம்மில் ஒலித்துளை இயங்குகிறதா என்று அடுத்த முறை பணம் எடுக்கச் செல்லும்போது ஒரு கணம் பாருங்கள். இயங்கவில்லையெனில் எங்களுக்குத் தெரிவியுங்கள். அதைச் சீர்செய்வது எங்கள் கடமை.